ஏலத்தில் சொன்ன சொல்லும் கல்லறையில் கேட்ட பாக்கியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் நேர்ச்சைகளைக் குறித்து அண்மையில் வெளியான கட்டுரையில், பிற சமயத்தார் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டதைக் கடன்பட்டாவது செலுத்திவிடுகிறார்கள் என்றும், கிறிஸ்தவர்களோ மன்னிப்பையே பெரிதாகப் போதிப்பவர்கள் என்பதால் வாக்குத் தவறுவதை அவ்வளவு பெரிய குற்றமாகக் கருதுவதில்லை என்றும் ஒரு கருத்து வந்திருந்தது. கட்டுரையாளர் குறை கூறும் நோக்கத்தில் அதை எழுதவில்லை; போகிற போக்கில் சொல்லிச் சென்றதுதான். ஆயினும், திருமங்கலம் வட்டாரத்துக் கிராமச் சபை ஒன்றில் நெடுங்காலம் பொருளாளராக இருந்து, சபையார் தருவதாகச் சொன்னதையும் உண்மையில் தந்ததையும் அடுத்தடுத்த பத்திகளில் எழுதி வந்தவன் என்ற முறையில், அதற்கு மறுமொழி எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். எங்கள் வேதம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் நடைமுறையை வெளியிலிருந்து பார்க்கிற ஒருவர் அப்படி எண்ணிக்கொள்ள இடமிருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

கர்த்தருடைய கூடாரத்தில் தங்கத் தக்கவன் யார் என்ற கேள்வியோடு தொடங்கும் 15-ஆம் சங்கீதம், அத்தகையவனின் இயல்புகளுள் ஒன்றாக, "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்பதைச் சொல்கிறது. பிரசங்கியின் புத்தகம் இன்னும் கறாராக, நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நல்லது என்கிறது. யோசுவாவின் புத்தகம் 9-ஆம் அதிகாரத்தில் வரும் கிபியோனியர் கதையைப் படித்தவர்கள் இந்தக் கண்டிப்பின் ஆழத்தை அறிவார்கள். பக்கத்து ஊர்க்காரர்களான அவர்கள், பூசணம்பூத்த அப்பத்தையும் கிழிந்து தைத்த திராட்சரசத் தோல்பைகளையும் தேய்ந்த செருப்புகளையும் காட்டி, தாங்கள் வெகு தொலைவிலிருந்து வருவதாக நம்பவைத்து, இஸ்ரவேலரிடம் உயிர்ப்பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டார்கள். மூன்றே நாளில் குட்டு வெளிப்பட்டது. ஏமாற்றி வாங்கிய வாக்கு செல்லாது என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தும், ஆணையிட்டுவிட்டோம், தொடக்கூடாது என்று தலைவர்கள் நின்றார்கள். பல தலைமுறைகளுக்குப் பின்பு சவுல் அரசன் அந்த வாக்கை மீறிக் கிபியோனியரைக் கொன்றதற்காக, தாவீதின் நாளில் மூன்று ஆண்டுகள் பஞ்சம் வந்ததாகச் சாமுவேலின் இரண்டாம் புத்தகம் கூறுகிறது. வாக்குத் தவறுவதை இலேசாக எடுத்துக்கொள்ளும் சமயம் இப்படியொரு கதையைத் தன் வேதத்தில் வைத்திருக்காது.

இனி எங்கள் நடைமுறைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்பது ஊர்த்திருவிழாவுக்கு நிகரானது. சபையார் தங்கள் நிலத்தின் முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். கம்பு, சோளம், வாழைத்தார், முருங்கைக்கட்டு, கால் கட்டிய நாட்டுக்கோழி, நிலம் இல்லாதவர்கள் வீட்டில் சுட்ட அதிரசம் என எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் சாமியானாப் பந்தலில் ஏலம் தொடங்கும். ஏலம் போடுகிறவர் ஒலிபெருக்கியில், "சென்னை அண்ணன் மூவாயிரம், நம்ம பெரியப்பா மகன் விட்டுக்கொடுப்பாரா?" என்று ஒருவரோடு ஒருவரை மோதவிட்டு, சந்தையில் சில நூறு ரூபாய் பெறும் கோழியை 5,000 ரூபாய் வரை ஏற்றிவிடுவார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று சொல்லி முடித்ததும் கைதட்டல் எழும். கோழி அன்றிரவே குழம்பாகிவிடும். தொகை மட்டும் நோட்டில் இருக்கும். அடுத்த பண்டிகைக்கும் அதே மனிதர், பழைய பாக்கியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், புதிய பந்தலின் முதல் வரிசையில் வந்து அமர்ந்து மறுபடியும் குரல் கொடுப்பார். அவரிடம் போய்க் கேட்பது நாகரிகமில்லை என்பது கமிட்டியின் எழுதப்படாத விதி. நோட்டின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து வைப்பதோடு பொருளாளரின் அதிகாரம் முடிந்துவிடும்.

ஏலம் போட்டவர் உசுப்பிவிட்டதால் வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று சிலர் பிறகு சொல்வதுண்டு. கிபியோனியரின் பூசண அப்பத்தைப் பார்த்து ஏமாந்தவர்களுக்கே கிடைக்காத விலக்கு, ஒலிபெருக்கியின் முன் பெருமைக்கு ஆசைப்பட்டவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்? அவர்களுள் பெரும்பாலோர் கொடுக்க இயலாதவர்களும் அல்லர். ஊரில் மாடி எழுப்பியவர்கள், பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருப்பவர்கள். புத்தாண்டுப் பிறப்பு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்க முண்டியடித்து வரிசையில் நிற்பவர்களும் இவர்களே. இந்த ஆண்டு கடவுள் எனக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று ஆவலோடு அட்டையைத் திருப்பிப் பார்க்கும் அதே நேரத்தில், போன ஆண்டு நான் கடவுளுக்கு என்ன வாக்குக் கொடுத்தேன் என்று எழுதிய அட்டை ஒன்றையும் பொருளாளர் கையில் கொடுத்தால் எப்படியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததுண்டு. கமிட்டி சம்மதித்திருக்காது.

இதே சபைகள் சொன்ன சொல்லைக் கறாராகக் கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது கல்லறைத் தோட்டத்தின் வாசல். சபையில் பேர் பதிந்த ஒவ்வொரு குடும்பமும் மாதச் சந்தா செலுத்துவதாக ஒப்புக்கொண்டே அங்கத்தினராகிறது. அந்தச் சந்தா நின்றுபோயிருந்தால், திருமண அறிவிப்பு வாசிப்பதற்கோ கல்லறைக் குழி வெட்ட அனுமதிப்பதற்கோ முன்பு பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு. கத்தோலிக்கக் கிராமங்கள் சிலவற்றில் தலைக்கட்டு வரி என்ற பெயரில் இதற்கு ஒப்பான ஏற்பாடு இருப்பதாகவும் கேள்விப்பட்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் அக்கம்பக்கத்துச் சபை ஒன்றில் நடந்ததை நேரில் கண்டேன். மூட்டை தூக்கிப் பிழைக்கும் ஒருவரின் தாய் காலமாகிவிட்டார். வெயிற்காலம், குளிர்பெட்டி ஏற்பாடு செய்ய அவர்களிடம் பணம் இல்லை. அந்த மனிதர் சபைப் போதகரான ஆயரின் வீட்டுத் திண்ணையருகே, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்து மடித்துப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "ஐயா, மெதுவா கட்டிர்றேன்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை. கமிட்டியார் பாக்கி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவருடைய மனைவி காதிலிருந்த தோட்டைக் கழற்றி மைத்துனரிடம் கொடுத்து அடகுக்கடைக்கு அனுப்பினார். அந்தப் பணம் வந்த பிறகே மண்வெட்டி எடுக்கப்பட்டது. அடக்க ஆராதனை குறைவில்லாமல் நடந்தது. நல்ல பிரசங்கமும் இருந்தது.

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் ஈடு வாங்குவதைப் பற்றிய சட்டங்கள் உள்ளன. கடன் கொடுத்தவன் ஈட்டை எடுக்கக் கடனாளியின் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும்; ஏழை தன் போர்வையை ஈடாகக் கொடுத்திருந்தால், அவன் போர்த்திப் படுப்பதற்காகப் பொழுது போவதற்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்; விதவையின் வஸ்திரத்தை ஈடாக வாங்கவே கூடாது. கடன் என்பது கடன்தான், திருப்பித் தரப்பட வேண்டியதுதான் என்பதை இந்தச் சட்டங்கள் மறுக்கவில்லை. வாங்குகிறவன் எந்த எல்லைக்குள் நின்று வாங்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. அன்று மாலை அந்தத் தோட்டை மீட்டுக் கொடுப்பதற்கான பணம் எங்கள் பக்கத்துச் சபைகளில் இல்லாமலில்லை. ஏல பாக்கி நோட்டில் அது தூங்கிக்கொண்டிருந்தது.

கமிட்டியார் கல்நெஞ்சர்கள் என்று சொல்லி முடித்துவிடுவது நேர்மையாகாது. அவர்கள் தரப்பையும் நான் அறிவேன், அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஊழியர் சம்பளம், மின் கட்டணம், ஓடு மாற்றும் செலவு, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய பங்கு என மாதந்தோறும் வந்து நிற்கும் செலவுகள் இரக்கத்தால் குறைவதில்லை. ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் நாளை பத்துப் பேர் அதையே காட்டிக் கேட்பார்கள் என்பதும் வெறும் அச்சமில்லை. அப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். சந்தா என்பது அந்த மூட்டை தூக்குபவர் தன் வாயால் ஒப்புக்கொண்ட வாக்கு என்ற வாதமும் சரியே. ஆகவே, வாக்கு வேறு, இரக்கம் வேறு, ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட வேண்டியதுதான் என்ற எண்ணம் கமிட்டிகளில் ஊறிப்போயிருக்கிறது. தங்கள் கட்டுரையாளரும் வேறொரு பக்கத்திலிருந்து வந்து இதே எண்ணத்தில்தான் சேர்ந்திருக்கிறார்.

ஆனால் வேதம் இந்த இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் வைத்திருக்கிறது. லேவியராகமத்தின் கடைசி அதிகாரமாகிய 27-ஆம் அதிகாரம் பிரசங்க மேடைகளில் அதிகம் வாசிக்கப்படுவதில்லை. விலைப்பட்டியல் போல இருப்பது காரணமாக இருக்கலாம். ஒருவன் மனிதரைக் கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்டால் அதற்கு ஈடாகச் செலுத்த வேண்டிய மதிப்பு அங்கே சொல்லப்படுகிறது: 20 வயது முதல் 60 வயது வரையுள்ள ஆணுக்கு 50 சேக்கல் வெள்ளி, பெண்ணுக்கு 30 சேக்கல். இப்படி ஒவ்வொரு வயதுக்கும் தொகை குறித்துவிட்டு, 8-ஆம் வசனத்தில், இந்த மதிப்பைச் செலுத்த முடியாத ஏழையாக அவன் இருந்தால் குருவாகிய ஆசாரியன் முன் வந்து நிற்க வேண்டும், நேர்ந்துகொண்டவனுடைய திராணிக்கு ஏற்றபடி ஆசாரியன் அவனை மதிக்க வேண்டும் என்று சட்டம் தொடர்கிறது. நேர்ச்சை ரத்தாகவில்லை, அவன் அதைச் செலுத்தியே தீர வேண்டும். ஆனால் எவ்வளவு என்பதை அவனுடைய கையிருப்பைப் பார்த்து, அவனோடு முகத்துக்கு முகம் பேசித் தீர்மானிப்பது ஆசாரியனின் பொறுப்பாக்கப்பட்டிருக்கிறது. பணக்காரனுக்கு இந்த வசனம் எந்தச் சலுகையும் தரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதே புத்தகத்தின் 12-ஆம் அதிகாரம், பிள்ளை பெற்ற தாய் ஆட்டுக்குட்டி கொண்டுவர வேண்டும் என்றும், அதற்கு வசதியில்லாவிட்டால் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம் என்றும் சொல்கிறது. குழந்தை இயேசுவை எருசலேம் ஆலயத்துக்கு எடுத்துச் சென்ற மரியாளும் யோசேப்பும் செலுத்தியது இந்தப் புறாக் காணிக்கையைத்தான் என்று லூக்கா எழுதுகிறார். சலுகைக் கட்டணத்தில் வந்த குடும்பத்தைத்தான் நாங்கள் ஆண்டுதோறும் குடிலில் வைத்துக் கொண்டாடுகிறோம்.

என் பாட்டி காலத்தில் எங்கள் சபைகளில் இருந்த பிடியரிசிக் காணிக்கையை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். அடுப்பு எரியாத நாளில் கலயத்திலும் அரிசி விழாது. அதற்காக யாரும் பாக்கிதாரர் ஆவதில்லை. நல்ல விளைச்சல் ஆண்டில் கலயம் தானாக நிறையும். லேவியராகமத்தின் 8-ஆம் வசனத்தை வாசிக்கத் தெரியாத கிழவிகள் அதைச் சமையற்கட்டிலேயே நடைமுறைப்படுத்தியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே மாதச் சந்தா, ரசீதுப் புத்தகம், பாக்கிப் பட்டியல் என்று நாங்கள் முன்னேறியபோது கணக்கு ஒழுங்கானது உண்மை. அந்தப் பழைய நிதானம் எங்கோ நழுவிவிட்டது.

ஓரியூருக்கும் இடைக்காட்டூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்ந்துகொண்டு போகும் கத்தோலிக்க அன்பர்களுக்கும் இது புதிதன்று. 1693-இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்த புனித அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோவின் வரலாறே ஒரு தாயின் நேர்ச்சையிலிருந்துதான் நடக்கத் தொடங்குகிறது. லிஸ்பனில் சிறுவனாக இருந்தபோது அவர் கடும் நோயுற்றதால், பிழைத்தால் ஓராண்டு இயேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாகத் தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டு, அப்படியே நிறைவேற்றினார். நேர்ச்சையை இவ்வளவு மதிக்கும் அதே திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, தனிப்பட்ட நேர்ச்சையை அதற்குச் சமமான அல்லது மேலான நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம் என்றும், அதைவிடக் குறைந்த ஒன்றாக மாற்றித் தருவது அதற்குரிய அதிகாரம் உடையவரின் பொறுப்பு என்றும் 1197-ஆம் விதியில் கூறுகிறது. மூட்டு தேய்ந்த பிறகும் பாதயாத்திரை நேர்ச்சையை எண்ணித் தூங்காமல் கிடக்கும் மூதாட்டியரிடம் இதைச் சொல்ல பங்குத்தந்தையருக்குப் பத்து நிமிடம் போதும்.

யாரும் இப்படி எடுத்துச் சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நியாயாதிபதிகள் 11-ஆம் அதிகாரத்தின் யெப்தா என்னும் படைத்தலைவன் இருக்கிறான். வெற்றியோடு திரும்பும்போது தன் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைக் கர்த்தருக்குப் பலியிடுவதாகப் பொருத்தனை, அதாவது நேர்ச்சை, செய்தான். ஒரே மகள் தம்புரோடும் நடனத்தோடும் வந்தாள். அவன் பொருத்தனையின்படியே செய்தான் என்கிறது வேதம். இதற்கு யூத ரபீமாரின் பழைய விளக்கம் ஒன்று உண்டு. அந்தப் பொருத்தனையிலிருந்து அவனை விடுவிக்க ஆசாரியனாகிய பினெகாஸ் இருந்தான். ஆனால் படைத்தலைவனாகிய நான் அவனிடம் போவதா என்று யெப்தா இருந்துவிட்டான்; பிரதான ஆசாரியனாகிய நான் அந்தப் படிப்பறிவில்லாதவனிடம் போவதா என்று பினெகாஸ் இருந்துவிட்டான்; இருவருக்கும் நடுவில் பெண்பிள்ளை அழிந்தாள் என்று அவர்கள் எழுதினார்கள். கல்லறை வாசல் விவகாரங்களில் நான் கண்டதும் ஏறக்குறைய இதுவே. கமிட்டித் தீர்மானத்தில் நான் தலையிட முடியாது என்று ஆயர் சொல்வார். ஆயர் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவோம் என்று கமிட்டி சொல்லும்.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் கடனாளி உவமையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசனுக்கு ஓர் ஊழியக்காரன் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். அது முழுவதும் மன்னிக்கப்பட்டது. வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்து நெரித்தான். ஒரு வெள்ளிப்பணம் கூலியாளின் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்துக்கு ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம் என்று கொண்டால், முதலாவது கடன் 6 கோடி நாள் கூலி, இரண்டாவது 100 நாள் கூலி. போதகர்கள் பலர் இரண்டாவது கடனை அற்பத் தொகை என்று சொல்லிக் கடந்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிற எங்கள் ஊர்ப் பெண்களைக் கேட்டால் நூறு நாள் கூலி எவ்வளவு பெரிய தொகை என்று சொல்வார்கள். அது உண்மையான கடன். கேட்டவனுக்குக் கேட்க உரிமை இருந்தது. அந்த உரிமையை அவன் பயன்படுத்திய விதத்துக்காகவே அரசன் அவனைத் திரும்ப அழைத்தான்.

ஆகவே தங்கள் இதழின் வழியாக எங்கள் வட்டாரச் சபைகளின் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வரும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில், முந்தைய ஏல பாக்கி வைத்திருப்பவர்கள் அதைத் தீர்த்த பிறகே குரல் கொடுக்கலாம் என்று பந்தலிலேயே அறிவியுங்கள். ஏலத்தொகையை அன்றைக்கே ரொக்கமாகவோ கைபேசி வழியாகவோ வாங்கி ரசீது கொடுங்கள். இன்று அது கடினமான காரியமில்லை. அடக்கம் நடக்க வேண்டிய வீட்டில் பாக்கி நோட்டைத் திறக்கும் வழக்கத்தை, எந்த விலக்குமின்றி, தீர்மானம் போட்டு நிறுத்துங்கள். துக்கம் கழிந்து முப்பது நாள் சென்ற பிறகு ஆயரும் கமிட்டியில் ஒருவரும் அந்த வீட்டுக்குப் போய், அவர்களால் மாதம் எவ்வளவு முடியும் என்று கேட்டு, அந்தத் தொகையையே அவர்களுடைய சந்தாவாக நோட்டில் எழுதட்டும். எழுதிய பிறகு அதை அவர்கள் தவறாமல் செலுத்த வேண்டும் என்று கேட்பதற்குச் சபைக்கு முழு உரிமையும் உண்டு. இதனால் ஆண்டு வரவில் விழும் துண்டைப் பழைய ஏல பாக்கிகள் சரிக்கட்டிவிடும் என்பதைப் பல சபைகளின் நோட்டுகளைத் தணிக்கைக்காகப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஐயமுள்ள பொருளாளர்கள் சிவப்புப் பென்சில் கோடுகளை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
முன்னாள் சபைப் பொருளாளர் ஒருவர்,
திருமங்கலம் வட்டம், மதுரை மாவட்டம்.